எட்டாவது மந்திரம்

ரயில் ஜன்னல் கம்பியில் விரலைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார் அக்கா. ஏழு வரை வந்து நின்றுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு, "ஒண்ணு கொறையுது தம்பி," என்றார். அவர் எண்ணியது ஒரு மந்திரவாதி அன்றைக்குப் போட்ட மந்திரங்களை. எதிரே இருந்தவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பட்டாபிராமில் ஏறி சென்ட்ரல் வரை போகிறவன். அக்கா என்று சொன்னாலும் உறவு எதுவும் இல்லை. காலை வண்டியில் கூட வருகிறவர், அவ்வளவுதான். வெள்ளானூர்க்காரர். ஆவடியில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவார். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வால்வுகளை அளவு பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலை. தட்டில் ஒன்று தப்பாக இருந்தாலும் முழுத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவாராம். ஒருநாள் நான் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டு இணையச் சித்திரக்கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். "இன்னா தம்பி அது, பொம்மப் படமா?" என்று எட்டிப் பார்த்தார். ஆரம்பித்தது அங்கேதான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகி, பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதன் விதிகளை வைத்து வரைகிற மாயாஜாலக் கதை இது என்று சொன்னேன். யார் எத்தனை அடி தாங்கலாம், யார் ஒரு நாளைக்கு எத்தனை மந்திரம் போடலாம், எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. அக்காவுக்கு அது பிடித்துப்போனது. நம் சினிமாவில் கதாநாயகன் எத்தனை பேரை வேண்டுமானாலும் அடிப்பான், இதில் அளவு இருக்கிறதே என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு புதுப் பக்கத்தையும் ஆவடிக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையே தமிழில் சொல்லிவிடுவேன்.

அந்த மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு எட்டு மந்திரம். ஆனால் எந்தச் சண்டையிலும் ஏழுக்கு மேல் போட்டதில்லை. உயிர் போகிற நேரத்திலும் கை விரித்து நிற்பான். வரைகிறவர் கணக்கை மறந்துவிட்டார் என்றுதான் வாசகர்கள் எல்லோரும் நினைத்தோம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எட்டாவதைக் காலையிலேயே யாருக்கோ போட்டுவிடுகிறான் என்றார். இரண்டு வாரம் யோசித்து ஆளையும் சொன்னார். அந்த வீரர் கூட்டத்தின் கடைசியில் நடந்து வருகிற, மந்திரத்தால் காயம் ஆற்றும் மருத்துவச்சி பழைய சண்டை ஒன்றிலேயே செத்துவிட்டாளாம். அவள் விழாமல் நடக்க அவன் தினமும் ஒரு மந்திரத்தைச் செலவழிக்கிறான், யாரிடமும் சொல்லாமல். இதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

அன்று மாலையே அதை ஆங்கிலத்தில் எழுதி, அந்தக் கதையின் ரசிகர்கள் கூடிப் பேசும் இணைய மன்றத்தில் என் பெயரில் போட்டேன். மறந்துபோய் அக்கா பேச்சையே விட்டுவிட்டேன் என்று இப்போது சொல்லலாம், பொய். யோசித்துத்தான் விட்டேன். அலுவலகத்தில் என் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆள் கிடையாது. மன்றத்திலோ ஒரே வாரத்தில் நான் பெரிய ஆள். புதுப் பக்கம் வந்தால் நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருந்தார்கள். நான் அடுத்த நாள் காலை வண்டிக்காகக் காத்திருப்பேன்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர், உடைந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி போட்டார். மந்திரவாதியை வாயைக் கட்டி மூன்று நாள் சிறையில் வைத்திருந்தார்களே, அந்த மூன்று நாளும் மருத்துவச்சி எப்படி நடந்தாள்? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத கோபத்தில், முதலில் ஆங்கிலமும் பிறகு விதிகளும் கற்றுக்கொண்டு வரவும் என்று எழுதினேன். நிறையப் பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். மறுநாள் வண்டியில், ஏதோ எனக்கே தோன்றியதுபோல அந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்டேன்.

அம்பத்தூர் தாண்டியதும் அவர் நிதானமாகச் சொன்னார். "அதக் கேட்டதே நான்தான் தம்பி. இங்கிலீசு சுமாரா கீதுன்னு எனக்கே தெரியும்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பட்டரவாக்கத்தில் எப்போதும் போல "வரேன்" என்று சொல்லித்தான் இறங்கினார். மறுநாளிலிருந்து பெண்கள் பெட்டியில் ஏற ஆரம்பித்தார். ஆவடியில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியாக அவர் கடந்து போவது தெரியும். கூப்பிட்டிருக்கலாம். ஆறு வருடமாக நான் கூப்பிடவில்லை.

போன மாதம் அந்தக் கதை முடிந்தது. அக்கா சொன்னது அப்படியே நடந்தது. அந்த மூன்று நாளுக்கும் பதில் இருந்தது. அவன் இல்லாத மூன்று காலையிலும் மருத்துவச்சி தனக்குத் தானே அந்த மந்திரத்தைப் போட்டுக்கொண்டாள். தான் செத்தது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். மன்றம் முழுக்க எனக்கு வாழ்த்து. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க அலுப்பாக இருந்தது. இது என்னுடையது இல்லை, கூட ரயிலில் வந்த ஒரு பெண்ணுடையது, அவரைத்தான் அன்று கேலி செய்தேன் என்று விவரமாக எழுதினேன். என்ன ஒரு அடக்கம் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

மறுநாள் முந்தின வண்டியிலேயே வந்து ஆவடியில் இறங்கி, பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். அக்காவுக்கு முன்தலை நரைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். எழுதியதைக் காட்ட கைப்பேசியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை; கடைசிப் பக்கத்தைத் தானே படித்துவிட்டதாகச் சொன்னார்.

மருத்துவச்சிக்குத் தெரியும் என்பது உங்களுக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். அவனா வாயத் தொறந்து சொல்லட்டும்னு கூடவே நடந்துகினு இருந்தா," என்றார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார். "நீ எழுதறத, கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன் தம்பி. அப்பறமும் மூணு மாசம் உன் பக்கத்துலதான் உக்காந்து வந்தேன்."

வண்டி வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் அடுத்த வண்டிக்கு நின்றேன்.