பதினோரு பாயிண்ட் அட்டைகள்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், யாரும் கேட்காமலேயே வீட்டில் ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டேன். ராஜபாளையத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு பாயிண்ட் அட்டையைக் கையில் திணித்து அனுப்பிய காலம் அது. சூப்பர் மார்க்கெட், ஜவுளிக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை என்று எங்கள் வீட்டில் பதினோரு அட்டைகள் சேர்ந்திருந்தன. அவை கிடந்த இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்று அரிசி டப்பாவுக்குள் இருந்தது. இன்னொன்றை வைத்து அம்மா தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எதையும் வரிசையாக அடுக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இன்றும் அப்படித்தான். மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்கு யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டு ஆல்பம் ஒன்று சும்மா கிடந்தது. அடிக்கடி போகும் கடை முதல் பக்கம், வருஷத்துக்கு ஒருமுறை போகும் கடை கடைசிப் பக்கம் என்று அட்டைகளை அதில் செருகினேன். தோசைக்கல் அட்டையை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.

தேய்க்கும்போதுதான் கவனித்தேன். அட்டையின் பின்புறம் பேனாவால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. மற்ற பத்தையும் உருவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே நம்பர். அது அப்பாவுடையதும் இல்லை, அம்மாவுடையதும் இல்லை. மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் அக்காவிடம் கேட்டபோது அவள் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் என் அத்தையின் பெயர் இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன் எங்களோடுதான் இருந்தாள். அப்போது அம்மாவிடம் போன் கிடையாது. கடைகண்ணிக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள் என்பதால் எல்லா இடத்திலும் அத்தையின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் மகனுக்குக் காதுகுத்து வைத்தபோது, பத்திரிகையில் தாய்மாமனான அப்பாவின் பெயரை மாமா வீட்டுப் பங்காளிகள் அத்தனை பேருக்கும் கீழே போட்டுவிட்டார்கள். "மடியில உக்கார வைக்க மட்டும் நான் வேணுமாக்கும்" என்று அப்பா சீர்த்தட்டோடு பாதி வழியில் திரும்பிவிட்டார். அன்று போனில் அம்மாவும் அத்தையும் சொல்லக்கூடாத வார்த்தைகளையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். அதோடு பேச்சுவார்த்தை நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்கா எங்கள் பாயிண்டெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது? எனக்கு ஆத்திரமாக வந்தது. என் குடும்பத்தின் சொத்தை மீட்பது என்று முடிவு செய்தேன். அப்போதெல்லாம் ஓடிபி கேட்கும் வழக்கம் வந்திருக்கவில்லை. அட்டையை நீட்டி, "நம்பர் மாத்தணும்" என்றால் மாற்றிக் கொடுத்தார்கள். அம்மா சாமான் எடுக்கும் நேரத்தில் சில கடைகளை முடித்தேன். மிச்சத்துக்குச் சைக்கிளில் போனேன். நெயில் பாலிஷ் ரிமூவரால் பழைய நம்பரைத் தடம் தெரியாமல் துடைத்துவிட்டு, அம்மாவின் நம்பரை அழகாக எழுதினேன். ஒவ்வொரு பில்லுக்கும் அந்த நம்பருக்குக் கடையிலிருந்து மெசேஜ் வரும்; ஆனால் அம்மா மெசேஜைத் திறந்தே பார்க்கமாட்டாள். பாயிண்ட் சேர்ந்து குக்கர் கிடைக்கும் நாளில் சொல்லி அசத்தலாம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை நேரம், அத்தை மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் மாமாவின் செருப்பு.

"மதினி, அண்ணனுக்கு என்ன செய்யுது?"

கரண்டியோடு வந்த அம்மா அப்படியே நின்றாள். "அவியளுக்கு என்ன? மில்லுக்குப் போயிருக்காக."

அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணாந்தேதி ஆனா மருந்துக்கடை மெசேஜ் வந்துரும். அண்ணன் பிரஷர் மாத்திரை வாங்கியாச்சுன்னு நிம்மதியா இருப்பேன். தேதி எட்டாச்சு, ஒண்ணையும் காணோம். பலசரக்குக் கடை மெசேஜும் இல்ல. போன் பண்ணிக் கேக்கவும் பயம். கெட்ட சேதி காதுல விழுந்துருமோன்னு பஸ் ஏறிட்டேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆல்பத்தைக் கொண்டுவந்து நீட்டி நடந்ததைச் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அத்தைதான் முதலில் சிரித்தாள். பிறகு இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. "செத்த நேரம் இரு, காப்பி போடுதேன்" என்று அம்மா உள்ளே போனாள். மதியம் வந்த அப்பா தங்கையைப் பார்த்ததும், "வா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். பிறகு மருமகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், நம்பரைப் பழையபடி மாற்றச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தைதான் இப்ப பேசுதால்ல? பொறவு எதுக்கு?"

"எல்லாத்தையும் போன் பண்ணியா சொல்லிக்கிட்டு இருப்பாக? பேசாம நில்லு."

கடைக்காரர் பழைய நம்பர் என்னவென்று கேட்டார். நான் கவலையோடு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதில் தடமே இல்லை. அம்மா அட்டையைப் பார்க்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. பத்து இலக்கத்தையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் சொந்த நம்பரை யாராவது கேட்டால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லும் அம்மாவுக்கு, ஒன்றரை வருஷமாகக் கூப்பிடாத நம்பர் ஒன்று எப்படி மனப்பாடமாக இருந்தது என்பது அன்று எனக்கு விளங்கவே இல்லை.