மலைப் பூங்காவில் யசிந்தா அக்காவின் குரல்

குருநகரிலிருந்து யசிந்தா அக்காவின் தம்பி தொலைபேசியில் கதைத்தபோது நான் பூங்கா வாசலில் நின்றிருந்தேன். "விடியக்காலமை அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். பேருந்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே அழைத்துப் போனேன்.

அவரை நினைவுகூர இந்த ஆலய மண்டபத்தில் கூடியிருக்கும் நீங்கள் யசிந்தா அக்காவைக் கடற்கரைப் பிள்ளையாக அறிவீர்கள். நுவரெலியாவுக்கு மேலே, குளிர்ந்த மலைப் புல்வெளிப் பூங்காவில், அவரோடு வழிகாட்டியாக இருந்தவன் நான், உடுப்பிட்டிக்காரன். வடக்கிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் பதில் சொல்ல அங்கே நாங்கள் இருவர்தான்.

ஒருமுறை மயிலிட்டியிலிருந்து வந்த மாணவன் ஒருவன், காய்ந்து நின்ற மரங்களைக் காட்டினான். "ஏன் மிஸ், உந்த மரங்களெல்லாம் நிண்டபடியே சாகுது?"

அக்கா குந்தியிருந்து அவனுடைய பெயரைக் கேட்டு, அதைச் சொல்லித் தொடங்கினார்: "எனக்குத் தெரியாது அப்பன். ஆராய்ச்சி செய்யிற ஆக்களுக்கும் இன்னும் முழுசாத் தெரியாது."

கூட வந்த ஆசிரியர் முகம் சுளித்தார். "பிள்ளையளுக்கு முன்னாலை தெரியாதெண்டு சொல்லலாமோ?"

"ஓம் சேர், சொல்லத்தான் வேணும். நான் ஒரு பொய்க் காரணம் சொன்னால், இவன் இதோடை தேடுறதை விட்டிடுவான்."

பிறகு பிள்ளைகளை இலையையும் மண்ணையும் பட்டையையும் தொட்டுப் பார்க்க வைத்தார். அருவிக்குப் போகும் நேரம் கடந்துவிட்டது. ஒருவரும் அருவியைக் கேட்கவில்லை.

பின்னர் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குரல், காய்ந்த ஓலை உரசுவதைப்போல் ஆகிவிட்டது. பொறுப்பதிகாரி இரக்கப்பட்டு நுழைவுச்சீட்டு வழங்கும் வேலையைக் கொடுத்தார். "அங்கை ஆரும் கேள்வி கேட்கமாட்டினம்" என்று அக்கா மறுத்துவிட்டார். இடுப்பில் ஒரு சிறு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

முதல் நாளே பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்குப் பதிலாகக் கதைக்க நான் முன்னால் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், ஏன் உங்கடை குரல் இப்பிடி?"

ஆசிரியை அவளை அதட்டினார்.

"விடுங்கோ டீச்சர். நல்ல கேள்வி." குந்தியிருந்து அவளுடைய பெயரைக் கேட்டார். பிறகு எல்லாரையும் தொண்டையில் விரல் வைத்து 'ம்' என்று சொல்லச் சொன்னார். "துடிக்குதோ? எனக்கு அந்த இடத்திலை கொஞ்சத்தை வெட்டி எடுத்திட்டினம். அந்தா நிக்கிற மரை மானுக்கும் உதே இடத்திலைதான் சத்தம் பிறக்குது. சிறுத்தையைக் கண்டால் மற்ற மரையளுக்குக் கேட்கக் கத்தும்."

அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமி அவருடைய கையைப் பிடித்தபடி, வழி முழுவதும் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

நோய் திரும்பி வந்ததும் ஊருக்குப் போனார். தொலைபேசியில் குசுகுசுத்த குரலில் ஒன்றையே கேட்பார்: "இந்தக் கிழமை பிள்ளையள் என்ன கேட்டவை?" வலியைப் பற்றி நான் கேட்டால், "அதை டொக்டர் கேட்பார். நீர் சொல்லும்" என்பார்.

கேள்வி கேட்ட பிள்ளையின் பெயரை முதலில் கேட்பது அவருடைய வழக்கம். குந்தியிருந்து, அந்தப் பெயரைச் சொல்லித்தான் பதிலைத் தொடங்குவார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அதைத்தான். நாளை மலைக்குத் திரும்புகிறேன். அரியாலையிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. எனக்கு முழங்கால் வலி. இருந்தாலும் குந்துவேன், பெயரைக் கேட்பேன்.