மண் மட்டும் இருந்த பெட்டி

1. துப்புரவு

தோட்ட வேலைக்குப் போன முதல் நாளே, உயிரோடிருந்த ஒன்றைச் செத்ததென்று முடிவுகட்டி, தோண்டிக் குப்பைச் சாக்கில் போட்டேன். செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னவனும் நான், தோண்டியவனும் நான், சாக்கின் வாயைக் கட்டியவனும் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமார் என்னிடம் அனுபவம் கேட்கும்போது நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். வேறு நல்ல தொடக்கம் என்னிடம் இல்லை.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பன்னிரண்டு வருடம் பாரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவியதில் இடுப்பு போய்விட்டது. கட்டடங்களின் முற்றங்களையும் சிறு தோட்டங்களையும் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தை யோகன் அண்ணை நடத்திவந்தார். ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு தேநீர்க் கடையில் நின்றபடியே நேர்முகத் தேர்வு நடந்தது.

"தோட்டம் செய்யத் தெரியுமோ?"

"நான் யாழ்ப்பாணம் அண்ணை."

"அது ஊர் ஐசே. நான் கேட்டது வேலை."

"தெரியும்."

தெரியாது. என் தகப்பனார் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். எங்கள் வீட்டில் செடிகொடிகளைப் பற்றி ஓரளவு அறிந்திருந்தது ஆடு ஒன்றுதான்.

டிசம்பர் மாதம். லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டடம். அதன் உள்முற்றத்தில் சுவரோரமாக நாலு மீற்றர் நீளத்துக்கு ஒரு பாத்தி. அதில் இடுப்பளவு உயரத்தில் பழுப்பு நிறக் குச்சிகள். ஒடித்துப் பார்த்தேன், படக்கென்று ஒடிந்தது. நான் பிறந்த இடத்தில் இலையில்லாமல் காய்ந்து, தொட்டால் ஒடியும் செடிக்கு விறகு என்று பெயர். துப்புரவாக்கிப்போட்டு வரும்படி அண்ணை சொல்லியிருந்தார். துப்புரவாக்கினேன். பாத்தியில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தபோது விரல்கள் விறைத்துப்போயின. மிச்சத்தை அடுத்த கிழமை பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த கிழமை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். மிச்சம் தப்பியது குளிரின் கருணையால். என் அறிவுக்கு அதில் பங்கில்லை.

2. குளிரில் போய்விட்டது

மார்ச்சில் திரும்பப் போனபோது, நான் விட்டுவைத்த குச்சிகளின் அடியில் செம்பச்சை நிறத்தில் முளைகள் நெருக்கமாக வந்திருந்தன. நான் துப்புரவாக்கிய இடம் துப்புரவாகவே இருந்தது.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அது ஃப்ளொக்ஸ் ஐசே. விவாஸ். மேலை செத்துப்போம், கீழை உயிரோடை கிடக்கும், பிறகு வரும். கோடையிலைதான் பூக்கும். உமக்குத் தெரியும்தானே?"

"ஓம் அண்ணை, தெரியும்."

விவாஸ் என்றால் பல்லாண்டுச் செடி. பிரெஞ்சில் உயிருள்ளது என்ற பொருளும் அதற்குள் கிடக்கிறது. அன்றிரவு வீட்டுக்குப் போய் அகராதியில் பார்த்துத்தான் இதை அறிந்தேன்.

பாத்திக்கு எதிரே தரைத்தளத்து ஜன்னல் மிஸ்யூ ஆந்த்ரேயுடையது. அறுபதை நெருங்கும், ஓய்வுபெற்ற மெத்ரோ சாரதி. இரண்டாம் இலக்க வழித்தடத்தில், மேம்பாலத்தின்மேல், தன் தெருவைத் தாண்டித் தாண்டியே வேலைசெய்து முடித்தவர். மனைவி, நான் தோண்டுவதற்கு இரண்டு மாதம் முன், அக்டோபரில் இறந்துபோனார். அந்தப் பாத்தி அவர் மனைவி போட்டது. தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு தூரைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியது. வெள்ளைப் பூ, நடுவில் இளஞ்சிவப்புக் கண். அந்த வகைக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் கட்டடக் காவல்காரம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

மிஸ்யூ ஆந்த்ரே ஜன்னலைத் திறந்து வெறுமையான இடத்தைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் வரவில்லையா?"

"குளிரில் போய்விட்டது மிஸ்யூ" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

3. ஆர்ஜொந்தெய்யிலிருந்து ஒரு தூர்

கறிவேப்பிலையோ மணிப்பிளாண்டோ, கேட்டு வாங்கி நட்டால் வராது, சொல்லாமல் எடுத்துவந்து நட்டால்தான் செழிக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. படித்தவன், புத்தகம் வாசிக்கிறவன் என்று பெயரெடுத்த நானும் அதை நம்பினேன். வசதியான நம்பிக்கைகளை நான் ஆராய்வதில்லை.

பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் ஒரு வீட்டுத் தோட்டத்தையும் நான்தான் பார்த்தேன். அங்கேயும் ஃப்ளொக்ஸ் நின்றது. ஒரு தூரின் ஓரத்தைக் கத்தியால் பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றி, சேன்-லசார் ரயிலில் கொண்டுவந்து வெறுமையான இடத்தில் நட்டேன். மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது மனம் லேசாக இருந்தது. இடம் நிரம்பிவிட்டது, பொய்யும் மூடிவிட்டது என்று நினைத்தேன்.

ஜூலையில் பூத்தது. கோயில் தேருக்குக் கட்டும் பட்டுத் துணியைப் போல, கண்ணைக் குத்துகிற கத்தரிப்பூச் சிவப்பு. மார்ச்சில் வேரைப் பார்த்து நிறம் சொல்லும் வித்தை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெள்ளைப் பூக்களின் நடுவில் அது தனியாகச் சத்தம்போட்டுக்கொண்டு நின்றது.

மிஸ்யூ ஆந்த்ரே வெளியே வந்து பார்த்தார். "இது கொஞ்சம் உரத்துப் பேசுகிறது" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கோடையில்தான் வேலையைப் படித்தேன். ஃப்ளொக்ஸுக்கு வேர் ஈரமாக இருக்கவேண்டும், தலை காயவேண்டும். நான் குளிப்பாட்டுவதுபோல் மாலையில் தலைவழியே குழாயைப் பிடித்ததில், இலையெல்லாம் திருநீறு பூசியதுபோல் வெண்பூஞ்சணம் பிடித்தது. பிறகு காலையில், அடியில் மட்டும் ஊற்றப் பழகினேன். வசந்தத்தில் ஒரு தூரில் ஐந்தாறு தண்டை விட்டு மிச்சத்தைக் கிள்ளினால் காற்றோட்டம் இருக்கும். வாடிய பூங்கொத்தை உடனே வெட்டினால் கீழிருந்து இன்னொரு முறை பூக்கும். விதை விழவிட்டால் முளைப்பது தாயைப்போல் இருக்காது. மூன்று நாலு வருடத்துக்கொருமுறை தூரைப் பிரித்து, கிழடான நடுப்பகுதியை எறிந்துவிட்டு ஓரத்தை நடவேண்டும்.

மாலையில் மிஸ்யூ ஆந்த்ரே ஜன்னலைத் திறந்துவைத்து, விளக்குப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருப்பார். அந்த வாசம் வருவதற்காகத்தான் என்று எனக்குப் பின்னர் விளங்கியது.

4. நூல்போன்ற இலை

அடுத்த வசந்தத்தில் சிவப்புத் தூரின் நுனியிலைகள் சுருங்கி நூல்போல் வந்தன. தண்டு வீங்கி ஆங்காங்கே வெடித்திருந்தது. சத்துக் குறைவு என்று உரம் போட்டேன். அதற்கடுத்த வசந்தத்தில் வெள்ளைத் தூர்கள் எல்லாவற்றிலும் அதே நூல்.

அந்த வசந்தத்தில்தான் மிஸ்யூ ஆந்த்ரே என்னைக் கூப்பிட்டார்.

"வரும் ஜனவரியில் வீட்டைக் காலி செய்கிறேன். மேற்கே பிரெத்தான்யில் தங்கையின் வீட்டுக்குப் போகிறேன். அங்கே தோட்டம் இருக்கிறது. போகும்போது இதில் ஒரு துண்டு வெட்டித் தரமுடியுமா? வேறொன்றும் வேண்டாம்."

"தருகிறேன் மிஸ்யூ."

ஒரு தண்டை வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நகருக்கு வெளியே நாங்கள் செடி வாங்கும் நாற்றுப் பண்ணைக்குக் கொண்டுபோனேன். பண்ணைக்காரப் பெண் பையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்கள் வரலாம். அது வரக்கூடாது."

கண்ணுக்குத் தெரியாத நூற்புழு என்றாள். தண்டிலும் இலையிலும் இருக்கும், மருந்தில்லை, எல்லாவற்றையும் எடுத்து எரிக்கவேண்டும், அந்த மண்ணில் சில வருடம் ஃப்ளொக்ஸ் நடக்கூடாது. வெளியிலிருந்து புதுச்செடி ஏதாவது வைத்தீர்களா என்று கேட்டாள். நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

யோகன் அண்ணை இதை எளிமையாக முடித்துவைத்தார்.

"வெள்ளையிலை சிவத்த கண் எண்டால் கடையிலை கிடக்கு. ஒண்டை வாங்கிக் குடும். மனுசன் சந்தோசமாய்ப் போவான்."

"அது அவற்றை மனுசியின்ரை செடி அண்ணை."

"பூவிலை மனுசியின்ரை பேர் எழுதிக் கிடக்கே? இஞ்சை வந்து நீர் மகாத்மா ஆகாதையும்."

மகாத்மா ஆகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஓகஸ்ட்டில் அதேபோன்ற பூவோடு ஒரு சட்டியை வாங்கிக்கொண்டுபோய் முற்றத்தில் இறக்கினேன்.

5. மிளகு

மிஸ்யூ ஆந்த்ரே வெளியே வந்தார். சட்டியைப் பார்த்தார். குனிந்து மணந்தார்.

"அழகாக இருக்கிறது. அவளுடையதுபோலவே. ஆனால் அவளுடையதில் இனிப்புக்குப் பிறகு கடைசியில் ஒரு மிளகு வாசம் வரும். இதில் மிளகு இல்லை." நிமிர்ந்தார். "இது யாருக்கு?"

உங்களை ஏமாற்றுவதற்கு என்று எப்படிச் சொல்வது? அதைத்தான் சொன்னேன். டிசம்பரில் தோண்டியதையும், குளிர் என்று பொய் சொன்னதையும், ஆர்ஜொந்தெய்யிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்ததையும், புழு அதோடு வந்ததையும் வரிசையாகச் சொன்னேன். என் பிரெஞ்சு நல்ல நாளிலேயே நொண்டும். அன்று தவழ்ந்தது.

அவர் சட்டியைத் தூக்கிச் சுவரோரமாக வைத்தார்.

"நீங்கள் தோண்டியதை நான் பார்த்தேன்" என்றார். "ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்."

"ஏன் நிறுத்தவில்லை மிஸ்யூ?"

"தோட்டக்காரர் நீங்கள். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்கும் அது செத்தது என்றே பட்டது. அந்த மாதம் எனக்கு எல்லாம் அப்படித்தான் தெரிந்தது."

பிறகு, "குளிர் என்று நீங்கள் சொன்னபோது உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்று விளங்கியது. விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்யலாம்?" என்றார்.

இந்தக் கேள்வியோடு நான் மறுபடியும் பண்ணைக்கு ஓடினேன். இந்த முறை பையில்லாமல் போனதால் உள்ளே விட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேருக்குள் அந்தப் புழு போவதில்லை" என்றாள் அந்தப் பெண். "நவம்பரில் வேரை மட்டும் எடுங்கள். நன்றாகக் கழுவுங்கள். சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டி, புது மண்ணில் படுக்கவைத்து மூடுங்கள். வந்தால் வரும். வந்தால் அதே செடிதான்."

6. கார்ஜ் லே கொனெஸ், ஐந்தாம் மாடி

நவம்பரில் பாத்தி முழுவதையும் தோண்டினேன். தண்டும் தூரும் எரிப்பதற்கான சாக்குக்குப் போயின. மறுபடியும் சாக்கின் வாயைக் கட்டினேன், இந்தத் தடவை தெரிந்துகொண்டு. வேர்களைக் கார்ஜ் லே கொனெஸில் ஐந்தாம் மாடியிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவி, இருபது துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் படுக்கவைத்து, மேலே ஒரு விரல் மண் போட்டு பல்கனியில் வைத்தேன்.

என் மனுசி மூன்று கிழமை பொறுத்தாள்.

"வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துற ஆம்பிளையை இப்பதான் பாக்கிறன். ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"செடி எண்டு சொல்லும்."

"எங்கை செடி?"

அந்தக் கேள்வி என்னையும் அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குச்சியால் கிண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக இருந்த இரண்டு துண்டுகள் என் ஆர்வத்தாலேயே முறிந்தன. பதினெட்டு மிச்சம்.

ஜனவரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்து லாச்சப்பலுக்குப் போனேன். வழியில் கடைக்காரர் ஒருவர், "அண்ணை, மண் விக்கிறியளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

மிஸ்யூ ஆந்த்ரேயின் சாமான்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. பெட்டியைக் கொடுத்தேன். அவர் மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கொடுத்ததில் அவ்வளவு வெறுமையாகத் தெரிந்த பொருள் வேறில்லை. உயிருள்ளதைச் செத்தது என்று தோண்டியவன், ஒன்றுமே தெரியாத மண்ணைக் காட்டி உயிர் இருக்கிறது என்று நம்பச் சொல்கிறான். அவருடைய இடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

"உள்ளேயா?"

"உள்ளே. பதினெட்டு. எத்தனை வரும் என்று தெரியாது. ஏப்ரல்வரை கிண்டிப் பார்க்கக்கூடாது."

"நீங்கள் கிண்டினீர்களா?"

"முதலில் இருபது இருந்தது மிஸ்யூ."

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வண்டியோட்டி பெட்டியைப் பின்னால் வைக்கக் கை நீட்டினார். மிஸ்யூ ஆந்த்ரே கொடுக்கவில்லை. முன்னிருக்கையில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார்.

7. குச்சி

ஏப்ரல் கடைசியில் மிஸ்யூ ஆந்த்ரேயிடமிருந்து தொலைபேசி வந்தது. "ஏழு" என்றார். நான் ஏழு பேரைப் பெற்றெடுத்தவன்போல் வீட்டில் நடந்தேன். மனுசிக்கு இரவுச் சமையலைத் தவிர வேறெதிலும் அக்கறை இருக்கவில்லை, ஆனாலும் "ஏழோ?" என்று ஒருமுறை கேட்டாள்.

அந்த வருடம் பூக்கவில்லை. அடுத்த வருடம் ஜூலையில், ஒரு மாலை, நான் வேலைமுடிந்து ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது மறுபடி அழைத்தார். காற்றுச் சத்தம் கேட்டது. வெள்ளையா, கண் சிவப்பா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்:

"மிளகு இருக்கிறது."

ரயில் சுரங்கத்துக்குள் போனதும் தொடர்பு அறுந்தது.

அன்றிலிருந்து, இலையுதிர்காலத்தில் எந்தப் பல்லாண்டுச் செடியை வெட்டினாலும் அதன் அடியில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றிவிட்டு வருகிறேன். டிசம்பரில் புதிதாக வேலைக்கு வரும் ஆள் எங்கள் ஆளாகத்தான் இருப்பான், என்னைப்போலத் தெரியும் என்று சொல்லித்தான் சேர்ந்திருப்பான். ஆகவே குச்சியில் தமிழில் எழுதுகிறேன். கட்டடத்தில் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் அது செடியின் பெயர் என்று நினைக்கிறார்கள். யோகன் அண்ணை முதலில் வாசித்துவிட்டு, "இதென்ன ஐசே, கக்கூஸ் கதவே?" என்றார். இப்போது அவரே குச்சிக்கட்டு வாங்கித் தருகிறார்.

எழுதுவது இரண்டே சொல்: ஆள் இருக்கு.