மூன்றாம் மாடிச் சட்டைகள்

அந்தக் குடியிருப்பை வரைந்தவர்கள் காருக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டிருந்தார்கள், குப்பைத்தொட்டிக்குக்கூட. துணி தேய்ப்பவளுக்கு விடவில்லை. அதனால் அவள் ஆறாவது பிளாக்கின் சுவரோரம், ஒரு மரத்தடியில் தள்ளுவண்டியை நிறுத்திக்கொண்டாள். இஸ்திரிக்காரம்மா என்றால்தான் அங்கே தெரியும். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் கரிப்பெட்டிதான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது.

மாடிகளிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். தேய்த்து முடித்ததும் அதிலேயே வைத்து, "அம்மா, துணி ரெடி" என்று அண்ணாந்து குரல் கொடுப்பாள். மூன்றாம் மாடி அம்மாவுக்கு முழங்கால் தகராறு, கீழே வந்ததே இல்லை. அவர் கூடையில் வருவதெல்லாம் மகனின் சட்டைகள். ஒன்றிலும் வேர்வை வாடையே இருக்காது. ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளை போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு குடியிருப்பு நலச்சங்கத்தார் கூடிப் பேசி, தெருவில் தள்ளுவண்டியே நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பின்பக்கச் சாலைக்கு அப்பால் தகரக் கூரைக் கடைகள் கொடுத்தார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? பக்கத்துக் கடைக் காய்கறிக்காரர் சொல்லிக்கொள்ளாமலே வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார். இவள் பெட்டியில் கரி எரிந்து சாம்பலானதுதான் மிச்சம்.

ஒருநாள் காவலாளி வந்தார்.

"உன் பழைய இடத்துல அந்த மூணாம் மாடிக் கூடை தொங்கிக்கிட்டே இருக்கும்மா. காலையில இறக்கினா, பொழுது சாயத்தான் இழுத்துக்கிறாங்க. ஆளில்லாத இடத்துல அது ஆடுறதைப் பார்த்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

மறுநாள் போய்ப் பார்த்தாள். சுவரில் புகைக் கறை மட்டும் மிச்சமிருந்தது. கூடையில் ஒரு நீலச் சட்டை. அதை எடுத்துக்கொண்டு முதன்முறையாகப் படியேறினாள்.

அந்த அம்மா உள்ளே கூட்டிப்போய், மகன் அறையின் அலமாரியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை சட்டைகள். அவள் மடித்துக் கொடுத்த மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை.

"தம்பி போடுறதில்லையாம்மா?"

"அவன் போய் எவ்வளவோ காலமாச்சு. இதையே மாத்தி மாத்தித் துவைச்சுக் கூடையில போடுவேன். துணி ரெடின்னு நீ கூப்பிடுவ இல்ல, அப்போ அவன் ஆபீஸ் கிளம்புற மாதிரியே இருக்கும்."

இஸ்திரிக்காரம்மா கையிலிருந்த நீலச் சட்டையைக் கீழே வைத்தாள். இல்லாத ஒருவனுக்கு இத்தனை காலம் காலரை நிமிர்த்திவிட்டிருக்கிறாள். கோபம்கூட வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கிளம்பியவளை அந்த அம்மா நிறுத்தினார். இந்த அறை சும்மாதான் கிடக்கிறது, இங்கேயே வைத்துத் தேய்த்தால் சங்கத்தார் என்ன செய்துவிட முடியும் என்றார். வீட்டில் சொன்னபோது, செத்தவன் அறை வேண்டாம் என்று மகள் அழுதாள். இவளுக்கும் பயம்தான். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

கரண்ட் பெட்டி ஒன்று வாங்கி வேலையைத் தொடங்கினாள். ஆறாவது பிளாக் துணி மட்டும் படியேறி வந்தது. பழைய பிழைப்பில் பாதி.

மத்தியானங்களில் அந்த அம்மா கண்ணயர்ந்துவிடுவார். இவள் முதுகைச் சுவருக்குக் கொடுத்தே நின்று தேய்ப்பாள். சில சமயம் அலமாரிக் கதவு லேசாக முனகும்.

"இருங்க தம்பி, இதோ ஆச்சு" என்று தன்னையறியாமல் சொல்லிவிடுவாள்.