கிளடிஸ் சொன்ன பதில்

கிளடிஸ் கெட்டவள் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதை முடிந்தபிறகு சொன்னால் ஒருவரும் நம்பமாட்டீர்கள். பாசையூரில் பிறந்து, தொண்ணூறில் ரொறன்ரோ வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் புருசன் வின்சன்றோடும் மகள் ஸ்டெபனியோடும் குடியிருந்தாள். விடிய எழும்பி, பிள்ளையைப் பக்கத்துக் கதவு அருள்நாயகி அக்காவிடம் விட்டுவிட்டு பக்டரிக்கு ஓடுவாள். அக்காவுக்குப் புருசனும் இல்லை, இங்கிலீசும் இல்லை. நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் சீவியம் போனது. ஸ்டெபனி முதன்முதல் ‘அம்மா’ என்று கூப்பிட்டது அக்காவைத்தான். கிளடிசுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, இல்லையென்றால் பொய்.

அந்த நாட்களில் சாத்தானுக்கு நல்ல மவுசு. பிள்ளை பார்க்கிறவர்களே சாத்தானைக் கும்பிடுகிறார்களாம் என்று ரீவியில் கதை. வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டத்திலும் அதே கதை.

ஒரு சனிக்கிழமை வின்சன்ற் வீடியோ கசற் ஒன்று கொண்டுவந்தான். வேண்டுமென்றே பழைய படம்போல எடுத்திருந்தார்கள். மங்கின நிறம், பழைய ரெலிபோன். ஒன்றரை மணித்தியாலம் ஒன்றுமே நடக்காது. ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு மனுசி பால் காய்ச்சுவாள், யன்னல் சாத்துவாள், சிரிப்பாள். கடைசியில் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளின் நெற்றியிலும் கறுப்பு அடையாளம். வின்சன்ற் பாதியிலேயே குறட்டை. கிளடிஸ் செபமாலையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஸ்டெபனியின் கன்னத்தில் அக்கா கண்ணூறுக்கு வைத்த கறுத்த பொட்டு. இரண்டு வருசமாக அது தினமும் அங்கேதான் இருந்தது. அன்றைக்குத்தான் கிளடிஸ் அதைக் கண்டு சிலுவை அடையாளம் போட்டாள்.

வியாழன் பிள்ளைக்கு இலேசான காய்ச்சல். அக்கா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, மூன்றுதரம் சுற்றி நாவூறு கழித்து அடுப்பில் போட்டாள். புகையில் ஃபயர் அலாரம் அடித்து, கட்டடத்துச் சனமெல்லாம் கீழே இறங்கிவிட்டது. கிளடிஸ் வேலையால் வந்து மேலே ஏறினபோது, கட்டடத்தைப் பராமரிக்கிற வெள்ளைக்காரனும் ஒப்பீஸ்காரியும் அக்காவின் வாசலில் நிற்கிறார்கள். மனுசி பிள்ளையைச் சுற்றிக் கையாட்டி நெருப்பில் ஏதோ போட்டதை அவன் போகிறபோக்கில் திறந்த கதவால் கண்டுவிட்டான். இது என்ன பூசை, உங்கள் ஆட்கள் இப்படிச் செய்வார்களா என்று கிளடிசைக் கேட்டான்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. அவளுடைய அம்மாவே பாசையூரில் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிச் சொல்லி இதே மிளகாயைச் சுற்றிப் போட்டவதான். பாவி மனுசி, அது தெரிந்தும், எங்கள் ஆட்கள் இப்படிச் செய்வதில்லை, எனக்கும் பயமாக இருக்கிறது என்றாள். ஒப்பீஸ்காரி துருவித் துருவிக் கேட்க, படத்தில் கண்டதையும் செபக்கூட்டத்தில் கேட்டதையும் சேர்த்து நீட்டி முழக்கினாள். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி இங்கே பிள்ளைகளைப் பார்க்கக்கூடாதென்று அக்காவுக்குக் கடிதம் வந்தது. கதை பரவினது. தமிழ்த் தாய்மாரும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அக்கா சாமான்களைக் கட்டிக்கொண்டு தூரத்தில், ரூஜ் பக்கம் யாரோ உறவினரின் பேஸ்மென்ற்றுக்குப் போனாள். ஸ்டெபனி பூட்டின கதவைத் தட்டித் தட்டி ஒரு கிழமை அழுதாள். தன் நாக்கு செய்த வேலை கிளடிசுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். சுவாமியார் மன்னித்தார், மனம் ஆறவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு கலியாண மண்டபத்துக் குசினியில் அருள்நாயகி அண்டா கழுவிக்கொண்டு நின்றாள். கிளடிஸ் கண்டதும் ஓடிப்போய் அந்த ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, அண்டைக்கு நான்...”

அழுகையில் மிச்சம் வரவில்லை.

“ஏன் அழுறீர்? எனக்கு இங்கிலீசு விளங்காட்டிலும் கண் தெரியும்தானே. அந்தக் கட்டடத்திலை எனக்காக வாய் திறந்தது நீர் ஒராள்தான். எவ்வளவு நேரம் அவையளோடை நிண்டு கதைச்சனீர்! நான் இண்டைக்கும் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறனான்.”

கிளடிஸ் கையை விடவில்லை. “ஓமக்கா” என்றாள்.