தர்ப்பணம் செய்யும் மனிதரோடு குற்றாலத்துக்கு

தேசிய நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் அட்டவணைப் பணி செய்து ஓய்வுபெற்றவன் நான். என்னைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து, அங்குள்ள அரிய சேகரிப்புகளின் பிரதிகளை ஊர் ஊராக எடுத்துப்போய் அவற்றின் கதையைச் சொல்லி வருகிறோம். இந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு தென்காசிக்குப் போனேன். அருவி பார்க்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நான் எடுத்துப்போனது ஒரு புகைப்படப் பிரதி, இரண்டடி அகலம். மூலம் ஒரு கண்ணாடித் தட்டு, ஃபிலிமுக்கு முந்தைய கால நெகட்டிவ். எடுத்தவர் யார், எந்த ஆண்டு என்பது தெரியாது. பெட்டியின் மேல் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. படத்தில் மெயினருவி எனப்படும் பேரருவி, ஓரத்தில் கோயில் சுவர், முன்னால் இரு கைகளிலும் தண்ணீர் ஏந்திய ஒரு மனிதர். அவர் பூணூல் வலத் தோளில் கிடக்கிறது. வழக்கமாக அது இடத் தோளில்தான் இருக்கும். இறந்தவர்களுக்குச் செய்யும் காரியத்தின்போதுதான் வலத்துக்கு மாற்றுவார்கள். ஆகவே நூலக அட்டவணை அட்டையில் 'தர்ப்பணம் செய்யும் மனிதர்' என்று எழுதினேன். பின்னாளில் அதை வைத்து ஒரு உரையும் தயாரித்தேன். பதினோரு ஊர்களில் பேசியிருக்கிறேன். சில ஊர்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் குற்றாலத்துக்கு நான் போனதே இல்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10க்குப் பேருந்து. ராஜபாளையம் வழியாக 160 கிலோமீட்டர், நான்கேகால் மணி நேரம், கட்டணம் 145 ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை கூடவே வரும். புளியங்குடி தாண்டியதும் சாரல் தொடங்கியது. படச்சுருளை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டிருந்தும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தார் இசக்கியம்மாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கூட்டத்தை நடத்தும் வாசகர் வட்டத்தின் செயலாளர். மறுநாள் காலை 10.30க்குக் கூட்டம். தட்டியில் படத்தின் தலைப்பைப் பெரிதாகப் போட்டிருப்பதாகச் சொன்னார். டீ குடிக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"என் தம்பி பேச்சிமுத்து வாரான் சார். எங்க அப்பாகூட சண்ட போட்டுட்டுப் போனவன். அப்பா போயி ஆறு வருசமாச்சு, ஒரு திதி குடுக்கல. ஒரே பையன். நான் சொன்னா கேக்க மாட்டான். நீங்க அந்தப் படத்தைக் காட்டிப் பேசினா இந்த அமாவாசைக்காவது மனசு எறங்குவான்னு பாக்கேன்."

என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்றேன். 

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். நகரப் பேருந்து அடிக்கடி உண்டு. நான் ஆட்டோவில் போனேன், காத்திருந்து திரும்ப 400 ரூபாய். ஓட்டுநர் சுடலைமணி, நாற்பது வயதிருக்கும். மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிக்கத் தடை. வெள்ளம் செம்மண் நிறத்தில் இறங்கியது. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் கயிற்றுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

கயிற்றருகே நின்று அருவியைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை. கடை ஒன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கிப் படத்தை விரித்தேன். படத்தில் கோயில் அருவிக்கு ஒரு பக்கம், நேரில் மறுபக்கம். படத்தில் தண்ணீர் ஒரு பாறைத் தோளில் பட்டுச் சாய்கிறது. நேரில் எதிர்ப்புறம் சாய்ந்தது. இணையத்தில் எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் குளிப்பவர்களின் தலைகள்தான் தெரிந்தன. சரிபார்க்காமல் விட்டதற்கு அது ஒரு சாக்கு.

மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இது எங்க அருவி இல்ல. எந்த ஊர்ல வாங்கினிய?"

"இந்த ஊர்ப் படம்தான் அம்மா."

"நான் பொறந்ததுலேருந்து இங்கன கெடக்கேன். எனக்குத் தெரியாத அருவியா? ஏமாத்திப்புட்டான் உங்கள. பழமாவது வாங்கிட்டுப் போங்க, அது ஏமாத்தாது."

அரைக் கிலோ 150 ரூபாய். வாங்கினேன்.  அட்டையில் இடமே தவறென்றால், பதினோரு ஊர்களில் நான் என்ன பேசினேன்?

திரும்பும் வழியில் சுருளின் ஓரம் ஈரமாகியிருப்பதைப் பார்த்தேன். படம் முன்னால் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைத் துண்டால் ஒற்றினேன். சுடலைமணி தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார்.

"மெயினருவி படமா அண்ணாச்சி? நல்லா எடுத்திருக்கான்."

"மெயினருவி இல்லைப்பா. கோயில் பக்கம் மாறி இருக்கிறது."

"எங்கன மாறியிருக்கு? சரியாத்தான இருக்கு." தலையைத் திருப்பினார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "நேர்ல பாத்தா மாறுது. கண்ணாடில பாத்தா சரியா இருக்கு. நீங்களே பாருங்க."

முன்னால் குனிந்து பார்த்தேன். சிறிய கண்ணாடிக்குள் கோயிலும் பாறையும் தண்ணீரும் நான் சற்றுமுன் பார்த்த இடத்திலேயே இருந்தன. இடம் சரி. மூச்சு வந்தது. அடுத்த நொடியில் அந்த மனிதரைப் பார்த்தேன். பூணூல் இடத் தோளில் இருந்தது.

கண்ணாடித் தட்டில் படம் பதியும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். பிரதி எடுக்கும்போது பக்கம் மாற்றி வைத்தால் இட வலம் மாறிவிடும். அன்று நூலகத்துக்குப் பிரதி எடுக்க வந்தவர், "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். காட்டியவன் நான். படத்தில் இருப்பவர் தர்ப்பணம் செய்யவில்லை. முகம் கழுவத் தண்ணீர் அள்ளியிருக்கிறார், அவ்வளவுதான்.

"இடம் சரியாப் போச்சுல்லா, பொறவு ஏன் மொகம் வாடுது?" என்றார் சுடலைமணி. சொன்னேன். வண்டியைக் கிளப்பினார். பிறகு, "நீங்களா சொன்னாத்தான் தெரியும்" என்றார்.

அறையில் (நாள் வாடகை 1,100, வெந்நீர் காலையில் மட்டும்) அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லாவிட்டால் தெரியாது. சொன்னால் ஒரு அக்காவின் ஆறு வருடக் காத்திருப்பு கெடும். ஏழு மணிக்கு இசக்கியம்மாள் அழைத்தார். "தம்பி வந்துட்டான் சார். மொத வரிசைல உக்கார வைக்கேன்." சொல்ல வாயெடுத்தேன். "சரிம்மா" என்றுதான் வந்தது.

மறுநாள் நாற்பது பேர் இருந்தார்கள். தட்டியில் என் தலைப்பு. எழுதி வந்த உரையின் முதல் பக்கத்தைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் பூணூல் வந்தது. அங்கே நின்றுவிட்டேன். தண்ணீர் கேட்டுக் குடித்தேன். பிறகு காகிதத்தை மடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.  ஒருவரிடம் முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கி, படத்தை அதில் காட்டினேன்.

முதல் வரிசையில் பேச்சிமுத்து கையைத் தூக்கினார். "அப்போ அந்த ஆளு சும்மா குளிக்க வந்தவர்தானா சார்?"

"அப்படித்தான் நினைக்கிறேன். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது."

சிரிப்பு எழுந்தது. அவர் அக்காவைப் பார்த்து, "இதுக்கா என்னைய கூட்டிட்டு வந்த?" என்றார். "வாய மூடுலே" என்றார் இசக்கியம்மாள், என்னைப் பார்க்காமலே.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீடு. குழம்பை ஊற்றியபடி கேட்டார். "நேத்து போன்லயே சொல்லியிருக்கலாம்லா சார்."

"சொல்லப் பயமாக இருந்தது."

"நாப்பது பேருக்கு முன்னால சொல்லப் பயமில்லையா?"

குழம்பைச் சோற்றில் பிசைந்தேன். 

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அமாவாசைக்கு முந்தைய வாரம் அறைக்கு முன்பதிவு செய்யுங்கள். வெள்ளத்தடை சில மணி நேரத்தில் விலகலாம், ஒரு நாளும் நீளலாம்; ஆகவே இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். கோயில் அருவிக்கு இடமா வலமா என்று இங்கே எழுதவில்லை. போய் நின்று பாருங்கள். அட்டையைத் திருத்தக் கேட்டு நூலகத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். எதையும் எழுதிவைக்கும் முன், அந்த இடத்தில் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. நான் இதை எழுபத்து மூன்று வயதில் கற்றேன்.

அமாவாசையன்று பதினோரு மணிக்கு இசக்கியம்மாள் அழைத்தார். பின்னால் அருவிச் சத்தம்.

"தம்பி ஊருக்குப் போகல சார். காலைல அவனே கெளம்பி இங்கன வந்தான். அப்பா எப்பவும் நின்னு குளிச்ச பாறைகிட்ட போயி நின்னுக்கிட்டான். ஒரு மணி நேரமாச்சு, கூப்பிட்டாலும் வெளிய வர மாட்டேங்கான்."

"திதி கொடுத்தாரா அம்மா?"

"இல்ல சார். குளிக்கான்."

அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று கவனித்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை.