பிரியாத தையல்

அந்தப் படத்தில் காட்டுக்குள் விழுந்தடித்து ஓடுகிறவன் கதாநாயகன் இல்லை. பதினோரு வருஷமாகச் சொல்கிறேன், சாலைக் கடைத்தெருவில் ஒருத்தன் நம்பவில்லை. "சட்டையப் பிய்க்கிறதப் பாருடே, முதுகுகூட நடிக்குது" என்கிறான்கள்.

அது போனக்காட்டு ராஜையனின் முதுகு.

தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவன். தோட்டம் படுத்துப்போனபின், மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டிப் பிழைத்தான். நாலு பேர் துரத்த ஒருத்தன் உயிருக்கு ஓடுகிற படம் அது. கதாநாயகனின் உயரமும் தோளும் இருந்ததால் ஓட இவனைப் பிடித்தார்கள். நான் அங்கே உடுப்புத் தைக்கிறவன்.

ஓடும்போது சட்டையின் பொத்தான்கள் தெறித்துவிட்டன. உதவி டைரக்டர் மலையாளத்தில் என்மேல் பாய்ந்தான். "சேட்டா, ஷர்ட்டு ஒண்ணே உள்ளூ. கீறியால் ஷூட்டிங் நிக்கும்!"

சட்டை கிழிந்துவிடாமலிருக்க, ராஜையன் உடம்பில் வைத்தே, கழுத்திலிருந்து வயிறு வரை இரட்டை நூலில் தைத்து மூடினேன்.

"அண்ணாச்சி, வேண்டாம். யானை வந்தா சட்டையக் கழத்தி எறியணும். அது சட்டைய மிதிச்சிட்டு நிக்கும், நாங்க தப்பிச்சிருவோம்."

"பட்டப்பகல்ல உன்னப் பாக்க யானை வருதாக்கும்! அசையாம நில்லுலே."

மூன்றாவது தடவை ஓடினான். துரத்த வேண்டிய நாலு பேரும் கிளம்பவில்லை. பக்கத்துச் சரிவில் மூங்கில் முறிந்தது. கொம்பன் யானை. கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பாறைக்குப் பின்னால் விழுந்தேன். ராஜையன் ஓடிக்கொண்டே சட்டையை இழுத்தான். வரவில்லை. என் தையல் பிரியாது. அதில் எனக்குப் பெருமை உண்டு. தலைவழியாக உருவப் பார்த்தான். துணி முகத்தை மூடியது. கண் தெரியாமல் ஓடி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெட்டியிருந்த ஆழமான ஓடையில் விழுந்தான்.

யானை கரையில் நின்று தும்பிக்கையை இறக்கியது. அந்த மூச்சு எனக்குக் கேட்டது. என் இடுப்பில் தொங்கிய கத்தரிக்கோல் பாறையில் உரசிக் கிணுகிணுத்தது, அமுக்கிப் பிடித்தேன். என் சட்டையைக் கழற்றி எறிந்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. கை வரவில்லை.

எவ்வளவு நேரமோ, அதுவாகத் திரும்பிப் போனது.

அவனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. "நூல வெட்டுங்க அண்ணாச்சி" என்றான். அவசரத்தில் அவன் தோலையும் சேர்த்து வெட்டினேன்.

அப்புறம் அவன் எந்தச் சட்டைக்கும் பொத்தான் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனைக்கும் திறந்த மார்போடுதான் நொண்டிப் போவான். மனைவி நேசமணி ஏசி ஏசி ஓய்ந்தாள்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்தான். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் செத்து, பெட்டியில வைக்கும்போது புதுச் சட்டை போடுவாவ. நீங்க பக்கத்துல நிக்கணும் அண்ணாச்சி. ஒரு பொத்தானும் மாட்ட விட்றாதீங்க."